பொருள்: மான்ஸ்டெரா இலையின் ஓட்டைக்குச் சொல் தேவை (அவசரம்)

செ., கோவை:
நர்சரி ஒன்றுக்காக வீட்டுச்செடி வளர்ப்புக் குறிப்பை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மான்ஸ்டெரா இலை நடுவில் ஓட்டை விழுந்து விரியுமே, அதை 'ஃபெனஸ்ட்ரேஷன்' என்கிறார்கள். லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் சன்னல். 'சாளரமாதல்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. வெறுமனே ஓட்டை என்றால் புழு தின்றதென்று மருந்தடித்துவிடுவார்கள்.

தி., மதுரை:
பலகணி இருக்க ஏன் கவலை? பல கண் உடையது பலகணி. இலைக்கு அப்படியே பொருந்துகிறது. இன்னும் பழையது வேண்டுமானால் சிலம்பின் 'மான்கண் காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'காலதரிலை' என்று வைக்கலாம். சன்னல் மட்டும் வேண்டாம், அது போர்த்துக்கீசியம்.

மு., சிங்கப்பூர்:
ஐயா, காற்று போகவா அந்த ஓட்டை? மெக்சிகோவின் தெற்கிலிருந்து பனாமா வரை இது காட்டு மரங்களில் தொற்றி ஏறும் செடி. அங்கே அடிக்காட்டில் வெயில் பொட்டுப்பொட்டாகத்தான் விழும். அதே அளவு இலையை ஓட்டை விட்டுப் பரப்பினால், ஏதாவது ஒரு பொட்டு மேலே படும். தாவர ஆய்வாளர் கிறிஸ்டோபர் மியூர் 2013இல் சொன்ன விளக்கம் இது.

தி., மதுரை:
அப்படியானால் 'ஒளியதர்'.

வ., யாழ்ப்பாணம்:
நன்னூலில் 'இல்லிக்குடம்' வருகுதே. இல்லி என்றால் ஓட்டைதான். 'இல்லியிலை' எப்படி?

செ., கோவை:
அக்கா, வேகமாகச் சொன்னால் 'இலை இல்லை' என்று கேட்கிறது. போதாததற்கு நன்னூலார் இல்லிக்குடத்தைக் கடை மாணாக்கருக்கு அல்லவா உவமை சொன்னார்! காசு கொடுத்து வாங்கும் செடிக்கு அந்தப் பெயரா? 'இலைக்கண்' என்று போடட்டுமா?

ப., தஞ்சாவூர்:
தம்பி, கண் வேண்டாம். இங்கே தோட்டக்காரர்கள் கணுவையும் கண் என்பார்கள், கரும்புக்குச் சொல்வது போல. பதியன் போட இந்தச் செடியில் கணுவோடுதான் வெட்ட வேண்டும். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது ஓட்டையோடு இலையை மட்டும் நறுக்கித் தண்ணீரில் வைப்பார். வேர் விடும், செடி வராது.

இன்னொன்று. குறிப்பில் இந்தச் செடியை 'எரிச்சலூட்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். இது சேம்பு, சேனைக் குடும்பம். 'கடித்தால் சேனை போல நாக்கு அரிக்கும், குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்' என்றால் பாட்டிக்கும் புரியும்.

மு., சிங்கப்பூர்:
தண்டிலிருந்து வெளியே நீளும் வேரைக் குறிப்பில் காற்றுவேர் என்கிறீர்களே, அதையும் விழுது என்று மாற்றலாமே?

தி., மதுரை:
விழுது ஆலுக்கு உரியது. தரையை நோக்கி விழுவதால் விழுது. இது மரத்தைப் பற்றுகிறது, 'பற்றுவேர்' என்க.

(இதன்பின் விழுது பற்றி மட்டும் 11 மடல்கள்.)

செ., கோவை:
நேரமில்லை. 'இலைத்துளை' என்றே அனுப்பிவிட்டேன். பூ விடும், தளிர் விடும் என்பது போல வினைக்குத் 'துளை விடும்'. அச்சான வரி: 'இளஞ்செடியின் இலை முழுதாகத்தான் இருக்கும். வளர்ந்த பிறகும் துளை விடாவிட்டால் சன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். தண்ணீரைக் கூட்டாதீர்கள், வேர் அழுகும். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.'

ப., தஞ்சாவூர்:
சரி. துளை விடும், நன்றாக இருக்கிறது.

வ., யாழ்ப்பாணம்:
எனக்கும் சம்மதம்.

தி., மதுரை:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அதிலும் சன்னல்!