தமிழ்த் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் லிங்க் பாதியில் வெட்டுப்படுகிறது, தொடரின் பாகங்கள் மாறித் திறக்கின்றன – உதவி தேவை

ஏரிக்கரை:
நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து ஏரிகளைப் பற்றி வேர்ட்பிரஸில் ஒரு தளம் நடத்துகிறோம். இப்போது ‘சோழர் கால ஏரிகளும் மதகுகளும் – பாகம் 1’ என்று ஒரு தொடர் போய்க்கொண்டிருக்கிறது. பெர்மாலிங்க்கில் (பதிவின் நிலையான முகவரியில்) பதிவின் பெயர் வருகிற மாதிரி வைத்திருக்கிறோம்.

முதல் பாகத்தின் லிங்க் ‘சோழர்-கால-ஏரிகளும்-மதகுக’ என்று சொல்லின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. பாக எண் வரவே இல்லை. ஏரி நீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பு பற்றிய இரண்டாம் பாகம் தாமதமானதால், வீராணம் ஏரி பற்றிய மூன்றாம் பாகத்தை முன்னால் வெளியிட்டோம். அதற்கு ‘மதகுக-2’ என்று லிங்க் வந்தது. பிறகு வந்த இரண்டாம் பாகத்துக்கு ‘மதகுக-3’. வாசகர்கள் குழம்பிப் போகிறார்கள்.

வாட்ஸப்பில் பகிர்ந்தால் திரை முழுக்க சதவீதக் குறிதான். மெயிலில் ஒருவருக்கு லிங்க் பாதியில் அறுந்து, வீராணம் கட்டுரைக்குப் பதிலாக முதல் பாகம் திறந்திருக்கிறது. தீம் மாற்றிப் பார்த்தோம், கேச் அழித்தோம், எஸ்இஓ பிளகினை நிறுத்தியும் பார்த்தோம். ஹோஸ்டிங்கில் கேட்டால் ஆங்கிலத்தில் தலைப்பு வைக்கச் சொல்கிறார்கள். அது முடியாது, வாசிக்கிறவர்கள் எல்லாம் தமிழ் வாசகர்கள். என்ன செய்யலாம்?

நூல்கண்டு:
செட்டிங்ஸில் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் கொடுத்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பனைமரம்:
பதிவுகள் எல்லாமே 404 (பக்கம் இல்லை என்ற பிழை) காட்டினால் நூல்கண்டு சொன்னது சரியான வழி, எந்த முகவரிக்கு எதைத் திறப்பது என்று சொல்லும் ரீரைட் விதிகள் புதிதாக எழுதப்படும். இங்கே சிக்கல் வேறு. தீமுக்கும் ஹோஸ்டிங்குக்கும் இதில் சம்பந்தமில்லை.

வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் பதிவின் ஸ்லக் (முகவரியில் வரும் பதிவின் பெயர்) இருக்கிற இடத்தின் அளவு 200, ஓர் ஆங்கில எழுத்துக்கோ எண்ணுக்கோ குறிக்கோ ஓர் இடம். தலைப்பிலிருந்து ஸ்லக் உருவாக்கும்போதும் 200-இல் நிறுத்திவிடும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழ் எழுத்து அங்கே தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. ‘க’ என்பது %இ0%ஏஇ%95 என்ற வடிவத்தில் போகிறது (ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்). ஒரு ‘க’வுக்கு 9 இடம். ‘கு’ என்றால் துணைக்குறிக்கும் தனியாக 9, ஆக 18. புள்ளி வைத்த மெய்க்கும் அப்படியே.

உங்கள் தலைப்பையே எண்ணிப் பாருங்கள். ‘சோழர்’ 45, ‘கால’ 27, ‘ஏரிகளும்’ 72, இடைக்கோடுகள் 3. மொத்தம் 147. மிச்சம் 53 இடத்தில் ‘மதகுக’ வரைக்கும் 45 போய்விடுகிறது, 192. அடுத்த ‘ள’ வந்தால் 201. அதனால்தான் அங்கே நின்றது. பாக எண் கடைசியில் இருப்பதால் எல்லாப் பாகத்துக்கும் ஒரே ஸ்லக், வேர்ட்பிரஸ் வெளியான வரிசையில் -2, -3 என்று ஒட்டிவிடுகிறது. அதற்கும் உங்கள் பாக எண்ணுக்கும் தொடர்பே கிடையாது.

மெயில் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அறுந்த முகவரி வந்தால் வேர்ட்பிரஸ் உடனே 404 காட்டாது. அந்தத் துண்டில் தொடங்கும் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடி, கிடைத்ததற்கு அனுப்பிவிடும். உங்களிடம் எல்லாமே ஒரே மாதிரி தொடங்குகின்றன.

தலைப்பைத் தொடாதீர்கள், ஸ்லக்கை மட்டும் கையால் சுருக்கமாகக் கொடுங்கள். எடிட்டரில் பதிவைத் திறந்தால் வலதுபக்கப் பட்டையில் லிங்க் இருக்கும், அங்கேயே மாற்றலாம். ‘ஏரி-மதகு-1’ என்று வைத்தால் 66 இடம்தான்.

நூல்கண்டு:
கோர் ஃபைலிலேயே (வேர்ட்பிரஸின் சொந்த நிரலிலேயே) அந்த 200-ஐ 500 ஆக்கினால் தலைப்பு முழுசாக வராதா?

பனைமரம்:
வேண்டாம். ஃபைலில் மட்டும் மாற்றினால் டேட்டாபேஸ் ஏற்காது. அதையும் மாற்றினாலும், அடுத்த அப்டேட்டில் கோர் ஃபைல் பழையபடி ஆகிவிடும். அப்புறம் எந்தப் பதிவுக்கு எந்த நீளம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கீழைக்காற்று:
ஸ்லக் மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. தமிழில் சுருக்கினாலும் வாட்ஸப்பில் சதவீதக் குறி வரத்தான் செய்யும். எங்கள் பள்ளித் தளத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம், போனில் சொல்லக்கூட வசதி.

பனைமரம்:
நிறைய பகிரப்படும் தளத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் முகவரிப் பட்டையில் தமிழிலேயே பெயர் தெரிவதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுருக்கமாக வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். பகிர்வதற்கு மட்டும் வேறு வழி இருக்கிறது: தள முகவரி, சாய்கோடு, கேள்விக்குறி, ஆங்கிலத்தில் பி, சமக்குறி, பதிவின் எண். எந்த ஸ்லக் இருந்தாலும் இது சரியான பதிவுக்குப் போய்ச் சேரும்.

ஏரிக்கரை:
மிக்க நன்றி, எண்ணிப் பார்த்தேன், 192-இல்தான் நிற்கிறது! ஒரு கவலை. பழைய லிங்க்குகள் பல குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஸ்லக் மாற்றினால் அவை செத்துப்போகுமா? இரண்டுக்கும் மூன்றுக்கும் ஸ்லக்கை இடம் மாற்றினால் போதுமா?

பனைமரம்:
இடம் மட்டும் மாற்றாதீர்கள். வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு, அதைத் தேடி வருபவரைப் புதிய முகவரிக்கு 301 (நிரந்தர வழிமாற்றம்) மூலம் அனுப்பும். ஆனால் அந்தப் பழைய ஸ்லக்கில் வேறு பதிவு உட்கார்ந்திருந்தால் அதுதான் திறக்கும். ‘மதகுக-2’வை இரண்டாம் பாகத்துக்குக் கொடுத்தால், வீராணம் என்று பகிர்ந்த லிங்க்கில் குமிழித் தூம்பு வரும். எல்லாவற்றுக்கும் புத்தம் புதிய ஸ்லக் கொடுங்கள்.

இதைவிட முக்கியம் நான்காம் பாகம். அதை ஸ்லக் கொடுக்காமல் வெளியிட்டால், ஸ்லக் மாற்றியதும் காலியாகும் ‘சோழர்-கால-ஏரிகளும்-மதகுக’ அதற்குத் தானாகப் போய்விடும். முதல் பாகத்தின் பழைய லிங்க் எல்லாம் நான்காம் பாகத்தைத் திறக்கும். இனி வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் வெளியிடும் முன்பே ஸ்லக்கை நிரப்பிவிடுங்கள்.

இன்னொன்று, இந்தத் தானியங்கி வழிமாற்றம் பதிவுகளுக்குத்தான். ‘எங்களைப் பற்றி’ மாதிரி பக்கங்களுக்கும் வகைகளுக்கும் கிடையாது. அவற்றின் ஸ்லக்கை மாற்றினால் ரீடைரக்ஷன் பிளகினில் நீங்களே வழி போட வேண்டும்.

ஏரிக்கரை:
மூன்று பாகத்துக்கும் ‘ஏரி-மதகு’ என்று எண் போட்டு மாற்றிவிட்டோம். குழுவில் கிடந்த பழைய லிங்க்குகளை அழுத்திப் பார்த்தோம், வீராணம் வீராணத்துக்கே போகிறது. நான்காம் பாகம் டிராஃப்டில் இருக்கிறது, ஸ்லக்கை இப்போதே நிரப்பிவிட்டேன். வகைகளை அப்படியே விட்டுவிடுகிறோம். பனைமரம் ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் நன்றி.