காப்புரிமையில் 'வெளிப்படை': வேறு சொல் உண்டா?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
வணக்கம். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்காக வாயு உணரிக் கையேடு ஒன்று தயாராகிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் காப்புரிமை (பேடன்ட்) பற்றிய பகுதியில் ஒரு சிக்கல். கார்பன் மோனாக்சைடு உணரியில் கந்தக அமிலம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, எரிபொருள் கலத்தில் (எரிபொருளை எரிக்காமலே மின்சாரம் தரும் கருவி) முன்பே உள்ள பாலிமர்ப் படலத்தை வைத்தால் அது புதுக் கண்டுபிடிப்பா? 'துறை அறிந்தவருக்குத் தானே தோன்றியிருக்கும்' என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் காப்புரிமை நிற்காது. 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு சொல்வதும் இதுதான். ஆங்கிலத்தில் 'ஆப்வியஸ்னஸ்' (obviousness) எனப்படும் இதற்கு 'வெளிப்படைமை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

நாகர்கோவில் புலவர்:
கூடாது. விண்ணப்பதாரர் தம் உத்தியை ஊரறிய எழுதித் தருவதை 'வெளிப்படுத்தல்' என்கிறோம். வெளிப்படுத்தியதெல்லாம் வெளிப்படை என்று மாணவன் படித்தால் எல்லாக் காப்புரிமையும் போச்சு. 'தெளிவுடைமை' எனலாம். தெள் என்பது வேர். தெளி, தெள்ளிய, தெண்ணீர் எல்லாம் அதன் கிளைகள். தெலுங்கில் அறிவைத் தெலிவி என்பதும்...

சித்தூர் வக்கீல் (பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரம் அல்ல):
ஐயா, வேர் இருக்கட்டும். எங்கள் கோர்ட்டில் மலையாளத்தில் 'தெளிவு' என்றால் ஆதாரம்! 'தெளிவுடைமை உண்டு' என்று எழுதினால், ஆதாரம் கிடைத்தது, ஜெயித்தோம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். தோற்றிருப்போம். 'வெள்ளிடைமலை' என்றே போடலாமே, மாஷே?

செங்கோட்டைப் பொறியாளர்:
வெள்ளிடைமலை எல்லார் கண்ணுக்கும் தெரியும். உணரியின் மின்முனைக்கு வரும் வாயுவின் அளவுக்கேற்ப மின்னோட்டம் ஏறும் என்பது நம் தெருவில் யாருக்குத் தெரியும்? துறை அறிந்தவருக்குத் தெரிந்தால் போதும், அதுவும் விண்ணப்பத் தேதிக்கு முன்பே. பின்னால் பார்த்தால் எல்லாமே சுலபம்தான். 2007இல் கேஎஸ்ஆர் - டெலிஃபிளெக்ஸ் காப்புரிமை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், துறை அறிந்த அந்த ஆளுக்கும் சாதாரணக் கற்பனை உண்டு, அவர் இயந்திரம் அல்ல என்றது. (அதிலும் ஓர் உணரி உண்டு: கார் மிதியில் பொருத்தியது.) எனவே, 'எளிதிற்றோன்றல்'.

சித்தூர் வக்கீல்:
இதை வாய்விட்டுப் படிக்கவே ஒரு வகுப்பு வைக்க வேண்டும்.

நாகர்கோவில் புலவர்:
புணர்ச்சி மட்டும் சரி. ஆனால் 'வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா' என்கிறது தொல்காப்பிய உரியியல். தொல்காப்பியருக்கே 'வெளிப்படு' போதுமாக இருந்ததே!

செங்கோட்டைப் பொறியாளர்:
ஐயா, அதை முதலில் கூடாது என்றது நீங்கள்தான்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
அச்சுக்கு நேரமாகிவிட்டதால், சந்தியைப் பிரித்து 'எளிதில் தோன்றல்' என்று அனுப்பிவிட்டேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

நாகர்கோவில் புலவர்:
எனக்கு உடன்பாடு இல்லை. சங்க நூல்களில் தோன்றல் என்றால் தலைவன். வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.