மெலோடிக்கா பழகுவது எப்படி? கொஞ்ச நேரத்தில கரகரக்குது

உப்புவெளி அம்மா:
திருகோணமலையில் தரம் 6 படிக்கிற மகளைப் பாடசாலை வாத்தியக் குழுவில் சேர்த்திருக்கு. 32 கீ மெலோடிக்கா, வாயால் ஊதி வாசிக்கிற சின்னக் கீபோர்டு. முதலில் எதைப் பழக்குவது? அரை மணித்தியாலம் ஊதினால் சத்தம் கரகரக்குது, இடது பக்கக் கீக்கள் பிந்தி ஒலிக்குது. பழுதா? சங்கீத வகுப்புச் சரளி வரிசையை இதில வாசிக்கலாமா?

கடற்கரையான்:
பழுதில்லை அக்கா. எச்சிலும் மூச்சு ஈரமும் உள்ளே உலோக ரீட்டில் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் தகட்டு நாக்கு) படியிறதாலதான் கரகரப்பு. ஊதும் முனைக்கு எதிர்ப்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கீழே சரித்து, பொத்தானை அழுத்தியபடி, கீ எதையும் தொடாமல் பலமாக ஊதச் சொல்லுங்கோ. துணி பிடியுங்கோ, தண்ணி சொட்டும்.

இடது பக்க ரீட்டுகள் நீளம். எடுத்தவுடனே பலமாக ஊதினால் திணறும், மெதுவாகத் தொடங்கினால் சரி. எப்படி ஊதினாலும் ஒரே கீ மட்டும் அடம்பிடித்தால் அதில் தூசி, இல்லாட்டி உலோகக் களிம்பு. நம்ம உப்புக்காற்றுக்கு ஈரத்தோடு பெட்டியை மூடி வைக்கவே கூடாது. எண்ணெயும் விடாதீங்கோ.

சுருதிப்பெட்டி:
முதலில் மேசையில் வைத்து நீளக் குழாயால் ஊதட்டும், விரல் கண்ணுக்குத் தெரியும். 32 கீயில் இடது கோடி வெள்ளை கீ எஃப். அதிலிருந்து எண்ணினால் ஐந்தாவது வெள்ளைதான் சி. சியை அழுத்தியபடியே 'து து து து' என்று நாக்கால் வெட்டி ஊத வேண்டும். கீபோர்டு பழகின பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் விரலைத் தூக்கிக் குத்துவார்கள். குத்தினால் சத்தம் அதிகரிக்காது, மூச்சுதான் சத்தத்தைக் கூட்டும். மூச்சும் அளவுக்கு மிஞ்சினால் சுருதி இறங்கிவிடும், குழுவில் உடனே காட்டிக்கொடுக்கும்.

சியில் தொடங்கும் சி மேஜர் சுரவரிசைக்கு விரல்: 1 2 3 1 2 3 4 5. பெருவிரல் 1. நான்காவது சுரத்துக்குப் பெருவிரல் அடியால் போகணும்.

சரளி தாராளமாக வாசிக்கலாம். சியை 'ச' என்று வைத்தால் 1 கட்டைச் சுருதி. சரளி பழகும் மாயாமாளவகௌளை ராகத்துக்கு சி, அதன் வலப்பக்கக் கறுப்பு, ஈ, எஃப், ஜி, அதன் வலப்பக்கக் கறுப்பு, பி, மேல் சி. மகள் 5 கட்டையில் பாடினால் ஜி 'ச'. கமகத்தை (சுரத்தை அசைத்து வளைப்பதை) மட்டும் இதில் தேடாதீங்கோ.

உப்புவெளி அம்மா:
நன்றி. கழுவலாமா?

கடற்கரையான்:
வாய் முனையையும் குழாயையும் மட்டும் கழற்றி இளஞ்சூட்டுத் தண்ணியில் கழுவி, தொங்கவிட்டு உலர்த்துங்கோ. கொதிதண்ணி பிளாஸ்டிக்கை வளைச்சிடும். உடம்புப் பகுதிக்கு ஈரத்துணி போதும். இனிப்புக் குடித்தால் வாய் கொப்பளித்துவிட்டு ஊதட்டும், சீனிப்பிசின் ரீட்டில் ஒட்டினால் எடுக்கிறது பெரும்பாடு.