நாற்பது தாண்டி பார் பிடிப்பவர்கள்: காரைக்குடி வட்டாரத்து ஜிம்களில் கண்டவை

பயிற்சியாளர், காரைக்குடி

செக்காலை ஆகட்டும், கழனிவாசல் ஆகட்டும், விடியற்காலையில் ஷட்டர் ஏற்றும் ஜிம்களில் முன்பெல்லாம் கல்லூரிப் பையன்கள்தான் நிற்பார்கள். இப்போது கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர் என்று தலை நரைத்தவர்களும், எடை மாட்டும் கம்பியான பாரைத் தாங்கும் ரேக்குக்கு வரிசையில் நிற்கிறார்கள். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் எடுத்தார். மீராபாய் சானு டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். அதையெல்லாம் பார்த்து வந்தவர்கள் ஒரு பங்கு. "சர்க்கரைக்கு நடை மட்டும் போதாது, எடையும் தூக்குங்க" என்று டாக்டர் சொல்லி வந்தவர்கள் இன்னொரு பங்கு. இரண்டுமே நல்ல காரணம்தான். முப்பதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. நடை அதை நிறுத்தாது.

வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் தவறு ஒன்றுதான். இருபத்தைந்து வயதில் தூக்கிய எடை மண்டையில் அப்படியே இருக்கிறது. முதல் மூன்று வாரம் பாரில் எடை கிடுகிடுவென்று ஏறும். அது தசை பருத்ததால் அல்ல, நரம்பு அந்த அசைவைப் பழகிக்கொண்டதால். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் கெட்டிப்பட மூன்று மாதமாவது வேண்டும். வயதானால் இன்னும் தாமதம். அதனால்தான் முதல் வாரத்தில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. இரண்டாம் மாதம் முழங்கை, தோள் முன்பக்கம், முழங்கால் சில்லுக்குக் கீழே என்று வலி ஆரம்பிக்கிறது. "நல்லாத்தானே போச்சு மாஸ்டர்" என்பார்கள். நன்றாகப் போனதுதான் காரணம்.

எண்ணிக்கையாகச் சொன்னால்: 3 செட், 8 ரெப். ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், இடைவிடாமல் செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு ரெப் முடியும் என்ற நிலையில் வைத்துவிட வேண்டும். மூன்று செட்டிலும் 10 ரெப் எட்டி, அப்போதும் இரண்டு மிச்சமிருந்தால்தான் எடை ஏற்றலாம். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து பாரை எடுத்து நிமிரும் டெட்லிஃப்ட் இரண்டுக்கும் 2.5 கிலோ. தலைக்கு மேல் தள்ளும் பிரஸ்ஸுக்கு 1 கிலோ. இதற்குப் பாரின் இரு பக்கமும் மாட்ட அரைக் கிலோ பிளேட் இரண்டு வேண்டும். பல ஜிம்களில் 1.25க்குக் கீழே இருக்காது, சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். 40 கிலோ பிரஸ் செய்பவருக்கு 2.5 கிலோ என்பது ஆறு விழுக்காட்டுக்கு மேல், ஒரே தாவலில்.

வார்ம்-அப்பில் கஞ்சத்தனம் கூடாது. அன்றைய செட்களைப் போடும் வேலை எடை 60 கிலோ என்றால் வெறும் பார் 20 கிலோவில் 8, பிறகு 30ல் 5, 40ல் 5, 50ல் 3, அப்புறம் 60. இளைஞர் இரண்டு படியில் ஏறிவிடுவார். ஐம்பது வயதுத் தோளுக்கு இந்த நான்கு படியும் வேண்டும். செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம். நான்காவது வாரம் எடையைக் குறைக்காமல் செட்டைப் பாதியாக்குங்கள். "அதிகபட்சம் எவ்வளவு" என்று ஒற்றை ரெப் சோதனை போட்டுப் பார்க்க அவசியமே இல்லை. தூக்கிய எடையை ரெப்பால் பெருக்கி 30ஆல் வகுத்து, அதே எடையோடு கூட்டினால் போதும்: 60 கிலோவில் 8 ரெப் என்றால் சுமார் 76.

பிசியோதெரபிஸ்ட், தேவகோட்டை

மாஸ்டர் சொன்னது மூட்டுக் கணக்கு. ரத்தக்கொதிப்புக் கணக்கையும் சேர்க்க வேண்டும். மூச்சை அடக்கி முழு பலத்தோடு காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்யும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று 1985ல் தமனிக்குள் நேரடியாக அளந்து பார்த்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களிடமே சராசரி 320/250. சில விநாடிதான், ஆனால் அது உண்மை. ஓய்வில் 180/110க்கு மேல் காட்டினால் அன்று பாரைத் தொட வேண்டாம். மருந்தில் கட்டுக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். தள்ளும்போதும் எழும்போதும் மூச்சை வெளியே விடுங்கள், கடைசி ரெப்பில் முக்காதீர்கள். சர்க்கரையால் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்திருக்கிறது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தால், அவர் அனுமதி இல்லாமல் கனமான எடை கூடவே கூடாது.

இன்சுலின் போடுபவர், சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வருவது இங்கே மிகச் சாதாரணம். குளூக்கோமீட்டரில் 90க்குக் கீழ் இருந்தால் ஒரு பூவன்பழம் சாப்பிட்டு, கால்மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். சர்க்கரை இறங்குவது பயிற்சியின்போது மட்டுமல்ல, பல மணி நேரம் கழித்தும் நடக்கும். மதியத் தூக்கத்தில் வேர்த்துக் கொட்டினால் அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, அபூர்வம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பல வருட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே நூறு, இருநூறு பஸ்கி, அதாவது உட்கார்ந்து எழுவது. மறுநாள் தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போகும். சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. இது "உடம்பு வலி" இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கீழே இறங்கும் பாதியில், தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போதுதான் இந்தச் சிதைவு அதிகம். அதனால் முதல் இரண்டு வாரம் பஸ்கிக்கு 2 செட், 8 எண்ணிக்கை, அதோடு சரி.

பயிற்சியாளர், காரைக்குடி

மூச்சு பற்றி ஒரு வார்த்தை. முழுக்க முழுக்க மூச்சை விட்டுக்கொண்டே டெட்லிஃப்ட் எடுத்தால் நடுமுதுகைப் பிடித்து நிறுத்த வயிற்றில் அழுத்தம் இருக்காது. கொதிப்பு இல்லாதவர் இறங்குமுன் முக்கால் மூச்சு எடுத்து, இருமும்போது வயிறு இறுகுமே அந்த அளவுக்கு இறுக்கி, கடினமான பகுதி தாண்டியதும் விடலாம். கொதிப்பு இருப்பவருக்கு பிசியோ சொன்னதுதான் சரி. அவர்கள் எடையைக் குறைத்து 10, 12 ரெப்பில் வேலை செய்தாலும் பலம் கூடும், ஆனால் அங்கேயும் கடைசி ரெப் வரை போகக் கூடாது. களைத்த நிலையில் மூச்சு தானாக அடைத்துக்கொள்ளும்.

பெண்களுக்கான பயிற்சியாளர், பள்ளத்தூர்

ஆச்சிமார்கள் வந்ததும் கேட்பது, "இந்த வயசுல தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடாதா, எலும்பு முறிஞ்சுடாதா?" எலும்பைப் பற்றித் தெளிவான பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு எட்டு மாதம், வாரம் இருமுறை, அரைமணி நேரம் டெட்லிஃப்ட், ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் கொடுத்தார்கள். 5 செட், 5 ரெப், அதிகபட்சத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல். இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது. ஆனால் அது முழுக்கக் கண்காணிப்பில் நடந்தது, முதல் மாதம் எடை குறைவு, முறை பழகுவது மட்டும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே 85 விழுக்காடு என்று இறங்கக் கூடாது. முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியவர்கள் எடையோடு குனிவதே கூடாது. கர்ப்பப்பை ஏற்கெனவே இறங்கியிருந்தால், மூச்சடக்கி முக்குவதுதான் கெடுதல். முதலில் கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி, பிறகு எடை.

தொடக்கம் மிக எளிது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, 2 செட், 8 முறை. மூன்று விநாடியில் மெதுவாக உட்கார வேண்டும். 'தொப்' என்று விழுந்தால் கணக்கில்லை. அது சுலபமானதும் 4 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. தண்டால் தரையில் வேண்டாம், திண்ணை விளிம்பில் கை ஊன்றிப் போடுங்கள். பிறகு வாசற்படி, கடைசியில்தான் தரை. இரண்டு வாளியில் ஐந்தைந்து லிட்டர் தண்ணீர், முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நிமிர்ந்து நடந்து திரும்புவது. லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் கூட்டுவது எளிது. பழைய செட்டிநாட்டு வீட்டு நீளம் இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும்.

டெட்லிஃப்டில் பலரும் கவனிக்காத ஒன்று: போட்டி பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., எனவே பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நம் ஊரில் கிடைக்கும் 5, 10 கிலோ இரும்பு பிளேட் சின்னது. அதை மாட்டினால் பார் கணுக்கால் பக்கம் கிடக்கும், எடுக்கும் யாருக்கும் முதுகு வளையும். எடை குறைவாக இருக்கும் புதியவருக்குத்தான் இந்தத் தொல்லை என்பது இன்னும் மோசம். இரு பக்கமும் மரக்கட்டை வைத்து அந்த உயரத்துக்கு ஏற்றுங்கள். பின்தொடை இறுக்கமானவர்களுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றினாலும் தப்பில்லை.

இளவட்டக்கல் பழக்குபவர், சிராவயல் பக்கம்

பொங்கல் நெருங்கினால் கல் தூக்க ஆள் சேரும். இளைஞர்களோடு நாற்பத்தைந்து வயதுக்காரரும் மல்லுக்கு நிற்பார், பழைய பெருமை. கல்லுக்குப் பிடி கிடையாது, உருண்டை, வழுவழுப்பு. தரையிலிருந்து தொடை மடிக்கு, மடியிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு என்று மூன்று கட்டம். அடிபடுவது பெரும்பாலும் முதல் கட்டத்தில், உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, முழங்கையை மடக்கி இழுக்கும்போது. புஜத்தசையின் கீழ்நாண் முழங்கையில் அறுந்துவிடும். 'டப்' என்று ஒரு சத்தம், சதை மேலே சுருண்டு பந்தாக நிற்கும். இது நாற்பது ஐம்பது வயது ஆண்களுக்கே அதிகம் வருகிற காயம். எண்ணெய் போட்டு உருவிவிடுவதால் ஒட்டாது. தைப்பதென்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள் தைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் நாண் சுருங்கிக்கொள்ளும்.

கை கொக்கி, அவ்வளவுதான். முழங்கை நீட்டியபடியே இருக்கட்டும். இடுப்பும் தொடையும்தான் கல்லை மடிக்குக் கொண்டுவர வேண்டும். மடியில் வைத்ததும் உட்கார்ந்த நிலையிலேயே ஒரு மூச்சு வாங்கி, கல்லைச் சுற்றி அணைத்துப் பிடித்து, இடுப்பை முன்னுக்குத் தள்ளி எழுங்கள். பழக ஐப்பசியிலேயே தொடங்குங்கள். அரிசிச் சாக்கில் மணல் 20 கிலோ, வாயைக் கட்டி, இன்னொரு சாக்கில் போட்டு மறுபடியும் கட்டினால் பிய்யாது. வாரம் இருமுறை, 5 செட், 3 தடவை, பத்து நாளைக்கு 2 கிலோ மணல் கூட்டலாம். தோளில் ஏற்றிய பிறகு கல்லைப் பின்னால் எறிவதை நாற்பது தாண்டியவர்கள் விட்டுவிடலாம். தோளில் ஏற்றியதே தூக்கியதுதான்.

பட்டறைக்காரர், கானாடுகாத்தான்

ரேக், பெஞ்ச் செய்து கொடுக்கும்போது கேட்கும் முதல் கேள்வி, தரை என்ன என்பதுதான். ஆத்தங்குடிக் கல் கையால் வார்த்த சிமெண்டுக் கல், மேலே கண்ணாடிபோல் மினுக்கம். வேர்வை சொட்டினால் கால் வழுக்கும், பிளேட் விளிம்பு பட்டால் பிளக்கும். அதே நிறத்தில் மாற்றுக்கல் வார்த்தாலும் பழசோடு ஒட்டாது. 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் குறுக்கும் நெடுக்குமாக. அதன்மேல் 20 மி.மீ. ரப்பர் பாய். கீழே பழைய சணல் சாக்கு விரித்தால் கல்லில் கீறல் விழாது. மாடியில் மரச்சட்டமும் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் என்றால் ரேக்கே வைக்காதீர்கள். தூண், உத்தரத்தில் புல்-அப் கம்பி கட்டுவதும் வேண்டாம். பர்மாத் தேக்கு தாங்கும், அதைத் தாங்கி நிற்கும் பழைய மூட்டுகள் தாங்குமா என்று வெளியிலிருந்து தெரியாது.

உணவு ஆலோசகர், புதுவயல்

எடை தூக்கியும் தசை ஏறவில்லை என்பவர்களின் தட்டைப் பார்த்தால் விடை தெரியும். காலையில் இடியாப்பம் அல்லது வெள்ளைப் பணியாரம், இரண்டிலும் புரதம் சொற்பம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் பயிற்சி செய்தால் கிலோவுக்கு 1.2 கிராம் கணக்கில் 78 கிராமாவது வேண்டும், அதுவும் ஒரே வேளையில் அல்ல. இரண்டு முட்டை 12 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமுக்கு 9, சமைத்த கோழி 100 கிராமுக்கு 27. செட்டிநாட்டு இனிப்பான கும்மாயம் உளுந்துதானே என்பார்கள். உளுந்து நல்லதுதான், ஆனால் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த பிறகு அதைப் புரதக் கணக்கில் எழுத முடியாது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர் டாக்டர் சொல்லாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தசை பலத்துக்கான துணை உணவுப் பொடியான கிரியேட்டின் எடுப்பவர்கள் தினம் 3 முதல் 5 கிராம், அதற்கு மேல் தேவையில்லை. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் அளவு சற்று ஏறிக் காட்டலாம். எடுக்கிறேன் என்று முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டால் வீண் பயம் இருக்காது. சித்திரை, வைகாசியில் உப்புப் போட்ட மோர் ஒரு செம்பு பயிற்சிக்கு முன்னால். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட கொதிப்புக்காரர் உப்பில்லாமல் குடிக்கட்டும்.

பட்டறைக்காரர், கானாடுகாத்தான்

விட்டுப்போனது ஒன்று. வீட்டில் தனியாக, பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்பவர்கள் பாதுகாப்புக் கம்பி இருக்கிற ரேக்கையே கேளுங்கள். கம்பியின் உயரம்: முதுகைச் சற்று வளைத்து நெஞ்சு நிமிர்த்திப் படுத்தால் பார் நெஞ்சைத் தொட வேண்டும், நெஞ்சைத் தளர்த்தினால் பார் கம்பியில் உட்கார்ந்து கழுத்துக்கு இடம் இருக்க வேண்டும். வெறும் பாரோடு ஒருமுறை படுத்துப் பார்த்துத் துளையைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியே இல்லாத பெஞ்ச் என்றால் பிளேட் நழுவாமல் பூட்டும் கிளிப்பை மாட்டாதீர்கள். பாருக்கு அடியில் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை நழுவ விடலாம். கட்டைவிரலைப் பாரைச் சுற்றிப் பிடியுங்கள். ஆத்தங்குடிக் கல் உடைந்தால் உடையட்டும்.