சளியொட்டியா, சீதப்பற்றா?

நண்பர்களே,

வாய், கண், குடல் என்று ஈரச் சவ்வின் மேல் மருந்தைப் பிடித்து நிறுத்தும் மியூகோஅட்ஹீசிவ் பொருளுக்குச் 'சளியொட்டி' என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். நான் தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இங்கே 'சளியொட்டி மாத்திரை' என்றால், இருமலுக்கா என்றுதான் கேட்பார்கள். 'கோழைப்பற்று' என்றாலோ பயந்தாங்கொள்ளி மேல் வைத்த பாசம் மாதிரி இருக்கிறது. சீதபேதி என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ஈரச் சவ்வை மூடியிருக்கும் வழவழப்புக்கு அந்தச் சீதத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு அதைவிட உறுத்துவது 'ஒட்டி'தான். சுவரொட்டி ஒட்டினால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இப்படி மருந்தைப் பிடித்து நிறுத்தும் பிசின்கள் அப்படியில்லை. ஈரத்தை உறிஞ்சி உப்பும். பிசினின் இளகிய மூலக்கூறு சங்கிலிகள், சீதத்துக்கு வழவழப்பைத் தரும் மியூசின் என்ற புரதத்தின் இழைகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொள்ளும். (காசிமேட்டில் மீனைத் தொட்டால் கை வழுக்குகிறதே, அதிலும் மியூசின் உண்டு.) சீதப்படலம் ஓயாமல் புதிதாகச் சுரப்பதால், பழையது கழியும்போது பிசினும் கூடவே போய்விடும். தண்ணீர் மிஞ்சினாலும் பிடி விட்டுவிடும். பாதாம் பிசினைப் பாருங்கள்: லேசாக நனைந்த கட்டி விரலை விடாது, ராத்திரி முழுக்க ஊறியது ரோஸ்மில்க்கோடு தொண்டையில் வழுக்கி இறங்கிவிடும்.

கொஞ்ச நேரம் பிடித்திருந்து, மருந்தை இறக்கிவிட்டு உதிர்வதற்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. தலைவலி என்றால் அம்மா சுக்கை இழைத்து நெற்றியில் 'பத்து' போடுவார். எழுத்தில் அது பற்று. நிகழ்வு சீதப்பற்று, பொருள் சீதப்பற்றி. கொத்தவரை விதைப் பிசின் ஒரு சீதப்பற்றி. புளியங்கொட்டையில் இருக்கும் சைலோகுளுக்கன் என்ற பிசின் இன்னொன்று. மியூசினைப் போலவே கிளைவிட்ட அமைப்பு என்பதால் கண் சொட்டு மருந்திலும் அதைச் சேர்க்கிறார்கள்.

*

ஐயா, சீதப்பற்று எனக்குப் பிடித்திருக்கிறது. பற்று என்றதும் பற்று வரவு ஞாபகம் வருகிறது, ஆனால் தொகைச் சொல்லில் அந்தக் குழப்பம் வராது. சிக்கல் வேறு. இதற்கு மேலே பயோஅட்ஹீஷன் என்று ஒரு பொதுப்பெயர் உண்டே? இதே கணக்கில் போனால் அது 'உயிர்ப்பற்று' ஆகுமே!

*

ஆமாம், அது உயிர் மேல் ஆசை ஆகிவிடும். திசுவில் பற்றுவது எதுவானாலும் 'திசுப்பற்று', அதில் சீதத்தின் மேல் பற்றுவது மட்டும் சீதப்பற்று. சரிவருமா?