புத்தாண்டு இரவு: இரண்டு பீர், இரண்டு மணி நேரம், அப்புறம் வண்டி எடுக்கலாமா?

லேப் அண்ணாச்சி:
நேற்று நம் டாப்கியர் தினா "31 இரவு ஜாலியாக, பத்திரமாக" என்று ஒரு பதிவு போட்டார். மேம்பாலங்களை மூடுவார்கள், காமராஜர் சாலைப் பக்கம் போகாதீர்கள், ஹெல்மெட் கொக்கியை மாட்டுங்கள் என்றெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். நடுவில் ஒரு முத்து: "இரண்டு பீரோடு நிறுத்துங்கள், இரண்டு மணி நேரம் அரட்டை அடியுங்கள், ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வண்டியை எடுங்கள். மிஷினிலும் காட்டாது, ரோட்டிலும் ஆடாது." அதற்கு லைக் வேறு குவிந்திருக்கிறது.

இந்த இரண்டு மணி நேரத்தை யார் கண்டுபிடித்தது? கணக்குப் போடுவோம். பெரிய பாட்டில் 650 மி.லி. அதில் சாராயம் (ஆல்கஹால்) 6 சதவீதம் என்று கம்மியாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டிலில் சுமார் 31 கிராம், இரண்டில் 62 கிராம். 70 கிலோ ஆளுக்கு 100 மி.லி. ரத்தத்தில் ஏறத்தாழ 130 மி.கி. ஏறும். ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மி.கி.தான் குறைக்கும். இரண்டு மணி நேரத்தில் 30 போனால் மிச்சம் 100. சட்டத்தின் வரம்பு 30. மோர் எதைக் குறைக்கும் என்று அவர்தான் விளக்க வேண்டும்.

டாப்கியர் தினா:
வந்துவிட்டார் வாத்தியார். அண்ணாச்சி, போன வருடம் டியூப்லெஸ் டயர் விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது. நான் இத்தனை வருடமாக ஈசிஆரில் வண்டி ஓட்டுகிறேன், ஒரு தடவைகூட மாட்டியதில்லை. ஊதச் சொன்னார்கள், ஊதினேன், போ என்றார்கள். இரண்டு மணி நேரம் என்பது அனுபவத்தில் சொன்னது.

லேப் அண்ணாச்சி:
டயர் விஷயத்தில் வாங்கியது நீங்கள்தான், அந்த இழை இன்னும் அப்படியே கிடக்கிறது, படித்துப் பாருங்கள். மாட்டவில்லை என்பது அனுபவம் இல்லை தம்பி, அதிர்ஷ்டம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு மணி நேரம் என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

மேடவாக்கம் மீனா:
ஆம்பளைகள் இரண்டு பேரும் பீர் கணக்கு முடித்ததும் சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஓட்டுகிறவன் குடித்திருந்தால் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் அபராதம் என்று சொன்னார்களே, அது உண்மையா? என் வீட்டுக்காரர் பார்ட்டியில் "கொஞ்சம்தான்" குடிப்பார், நான் மோர்கூடக் குடிக்க மாட்டேன். எனக்கும் பத்தாயிரமா?

சட்டப்புள்ளி:
ஆமாம் மேடம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185 ஓட்டுகிறவருக்கு. பிரிவு 188 அந்தக் குற்றத்துக்குத் துணை போகிறவருக்கு. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் வந்தபோது, கூடப் பயணிப்பவர் மீதும் வழக்குப் போடுவோம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை அறிவித்தது. முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

மேடவாக்கம் மீனா:
அப்படியானால் ஷேர் ஆட்டோவில் ஏறும் முன் டிரைவரை நான் ஊதச் சொல்ல வேண்டுமா?

சட்டப்புள்ளி:
தெரிந்தே துணை போவதுதான் குற்றம். உங்கள் வீட்டுக்காரர் குடித்தது உங்களுக்குத் தெரியும், ஆட்டோக்காரர் குடித்தது தெரியாது. தவிர, வண்டி மோதினால் சொந்த வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி காசு தராது. அடிபட்ட மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட்டாலும், அதைத் திரும்ப உங்கள் வீட்டுக்காரரிடமே வசூலிப்பார்கள்.

டாப்கியர் தினா:
சட்டப்புள்ளி வந்தது நல்லதாயிற்று. பிரிவு 202ஐ எடுத்துப் படியுங்கள் அண்ணாச்சிக்கு. அதிலேயே "இரண்டு மணி நேரத்துக்குள்" என்று இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாண்டினால் விட்டுவிட வேண்டும். சட்டமே ஒத்துக்கொள்கிறது, லேப் ஒத்துக்கொள்ளவில்லை!

லேப் அண்ணாச்சி:
அடக் கடவுளே. சட்டப்புள்ளி, நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் டயர் பஞ்சராகிவிட்டது என்பார்.

சட்டப்புள்ளி:
பிரிவு 202 கைது பற்றியது. 185இல் கைது செய்தால், கைதான நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட வேண்டும். ஆளை ஸ்டேஷனில் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்பதற்காக வைத்த கெடு அது. குடித்து இரண்டு மணி நேரமானால் போதை தெளியும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. ஊத மாட்டேன், ரத்தமும் தர மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் பலனில்லை, தகுந்த காரணமில்லாத மறுப்பு கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

டாப்கியர் தினா:
ஏன் இரண்டு மணி நேரம் என்று வைத்தார்கள்? மூன்று என்று ஏன் வைக்கவில்லை? அதற்குள் இறங்கிவிடும் என்பதால்தானே? யோசியுங்கள்.

லேப் அண்ணாச்சி:
யோசித்தேன். ஒரு மணி நேரத்துக்கு 15. இரண்டு மணி நேரத்துக்கு 30. 130இல் 30 போனால் 100. எத்தனை தடவை யோசித்தாலும் 100தான் வருகிறது.

கோடம்பாக்கம் குடிமகன்:
எல்லாரும் ஓட்டுகிறவனையே திட்டுங்கள். விற்கிறவன் யார்? 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. அந்த வழக்கே நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். அடுத்த வருடமே ஊருக்குள் போகும் சாலைக்குப் பொருந்தாது என்று தளர்த்தியும் ஆயிற்று. கடையும் அரசாங்கத்துடையது, ஊதச் சொல்கிற மிஷினும் அரசாங்கத்துடையது. பார் வாசலில் வண்டி நிறுத்த இடம் விடுகிறார்களே, எதற்காம்? நடந்து வருகிறவனுக்கா?

மேடவாக்கம் மீனா:
குடிமகன் சார், பாரில் பார்க்கிங் இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போகலாம் என்றும் அர்த்தம் எடுக்கலாமே?

கோடம்பாக்கம் குடிமகன்:
31 இரவு 12 மணிக்கு ஆட்டோக்காரர் கேட்கிற ரேட்டுக்கு வண்டியையே விற்க வேண்டும் மேடம். ஆப்பில் பார்த்தால் மூன்று மடங்கு, அதுவும் கேன்சல்.

மேடவாக்கம் மீனா:
மூன்று மடங்கு என்றாலும் பத்தாயிரம் ஆகாது. குடிக்கக் காசிருக்கிறது, திரும்பி வரக் காசில்லையா?

சிங்கை செல்வன்:
இங்கே சிங்கப்பூரில் இந்தப் பேச்சே கிடையாது. மாட்டினால் லைசென்ஸ் போச்சு, ஜெயில்கூட உண்டு. அதனால் யாரும் தொடுவதில்லை. இந்தியாவில் சட்டம் கடுமையாக இருந்தால்தானே பயப்படுவார்கள்.

லேப் அண்ணாச்சி:
செல்வன், உங்கள் ஊர் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. எங்கள் ஊரில் 30. வரம்பில் எங்கள் சட்டம்தான் கடுமை. எங்களுக்குக் குறைச்சல் சட்டமில்லை, பிடிக்க ஆளும் பயப்பட ஆளும்தான். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லா இழையிலும் வந்து இதையே சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

சிங்கை செல்வன்:
நல்லது சொன்னால் குத்துகிறீர்கள். 80 என்றாலும் இங்கே ரோட்டில் யாரும் ஆடுவதில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

டாப்கியர் தினா:
சிங்கப்பூரில் 80 ஓகே என்றால் அங்கே இருக்கிற மனிதனுக்கு வேறு ஈரலா? அண்ணாச்சி, நீங்களே எனக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அப்புறம் இன்னொன்று. நான் பெரிய பாட்டில் என்று சொன்னேனா? 330 மி.லி. சின்ன பாட்டில், 5 சதவீதம். உங்கள் கணக்கையே போடுங்கள். ஒன்றில் 13 கிராம், இரண்டில் 26. அதே 70 கிலோ ஆளுக்கு 55. இரண்டு மணி நேரத்தில் 30 போனால் 25. வரம்பு 30. பாஸ்! இரண்டு மணி நேரம் சரிதான்!!

லேப் அண்ணாச்சி:
இப்போது சின்ன பாட்டில் ஆகிவிட்டதா? பதிவில் "இரண்டு பீர்" என்றுதான் இருக்கிறது. படித்தவன் கடையில் போய் எதை வாங்குவான்? புத்தாண்டு இரவில் எத்தனை பேர் சின்ன பாட்டிலில் 5 சதவீதம் வாங்கி இரண்டோடு எழுந்து போகிறார்கள்? கடையில் நிற்கிற கூட்டம் கேட்பது ஸ்ட்ராங். அதில் 8 சதவீதம் வரைக்கும் உண்டு. பெரிய பாட்டில் இரண்டு என்றால் 170ஐத் தாண்டும். ஆள் 50 கிலோ என்றால் இன்னும் மோசம். உங்கள் 25ம் எல்லாருக்கும் 25 இல்லை. பெண்களுக்கு அதே அளவுக்கு அதிகமாக ஏறும், சிலருக்கு மெதுவாக இறங்கும். 25 இருந்தால் ஆள் தெளிவு என்று யார் சொன்னது? பிரேக் பிடிக்கிற நேரம் அப்போதே தள்ளிப்போகிறது. இதையெல்லாம் எழுதாமல் இரண்டு மணி நேரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

டாப்கியர் தினா:
பாஸ் என்றால் பாஸ். உங்கள் கணக்கிலேயே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாயிற்று.

கிண்டி கிறுக்கன்:
கொய்யா இலையை மென்றால் வாடை வராது. பச்சை வெங்காயமும் உண்டு. பாக்குப் போட்டால் பாதி போலீஸ் விட்டுவிடுவார்கள். சும்மா சொன்னேன், அடிக்க வராதீர்கள்.

லேப் அண்ணாச்சி:
மிஷின் வாடையைப் பார்ப்பதில்லை கிறுக்கரே. ரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக வருகிற சாராயத்தைப் பார்க்கிறது. தோட்டத்தையே மென்றாலும் அது வரும். மவுத்வாஷ் போட்டவருக்குத்தான் பொய்யாகக் காட்டும், அதுவும் வாயில் இருக்கிற வரைக்கும். கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ஊதினால் காணாமல் போய்விடும். குடித்தவனுக்கு அப்படிப் போகாது.

சரி, யாருமே கேட்காத விஷயம் ஒன்று. எல்லாரும் நடுராத்திரியையே பேசுகிறீர்கள். 12 மணி வரைக்கும் குடித்துவிட்டுத் தூங்கி, ஜனவரி 1 காலை 5 மணிக்குக் குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, குழந்தையை டேங்க் மேல் உட்கார வைத்து வடபழனிக்குக் கிளம்புகிறான் பாருங்கள், அவனுக்கு ரத்தத்தில் எவ்வளவு இருக்கும்? என் முதல் கணக்கில் 130 ஏறிய ஆளுக்கு 30க்கு இறங்க ஏழு மணி நேரம் பிடிக்கும். தூங்கினாலும் அதே வேகம்தான், காபி குடித்தாலும் அதே வேகம்தான். குளித்துவிட்டான் என்பதால் ஈரல் அவசரப்படாது. புத்தாண்டுக் காலை டியூட்டியில் இப்படி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "நேற்று ராத்திரி சார், இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்பார்கள். ரிப்போர்ட் வேறு சொல்லும்.

மேடவாக்கம் மீனா:
இது எனக்கு நிஜமாகவே தெரியாது. எங்கள் வீட்டில் வருடா வருடம் காலை ஐந்தரைக்குக் கோயில்தான். ஓட்டுவது அவர்தான்.

டாப்கியர் தினா:
இப்போது ஏழு மணி நேரமா? முதலில் இரண்டு மணி நேரம் தப்பு என்றார். இப்போது ஏழு என்கிறார். நாளைக்குப் பத்து என்பார். அண்ணாச்சி, குடிக்கும்போதே ஈரல் வேலை செய்யாதா? 10 மணிக்கு ஆரம்பித்தவனுக்கு 12க்குள்ளேயே 30 குறைந்திருக்குமே! அதை ஏன் கழிக்கவில்லை? உங்கள் 130ஏ தப்பு.

லேப் அண்ணாச்சி:
கழியுங்கள். 100 வரும். அதிலிருந்து 30க்கு வர நாலரை மணி நேரத்துக்கு மேல். இரண்டு மணி நேரம் எங்கே?

டாப்கியர் தினா:
130 தப்பு என்று ஒத்துக்கொண்டார். நன்றி.

லேப் அண்ணாச்சி:
ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வாதத்தையே எடுத்துக்கொண்டாலும் நீங்கள் தோற்கிறீர்கள் என்றேன்.

சட்டப்புள்ளி:
பிரிவு 202இல் உள்ள இரண்டு மணி நேரம் பற்றி நான் சொன்னதை இன்னும் யாரும் சரியாகப் படிக்கவில்லை. கைதான நேரத்திலிருந்து.

கோடம்பாக்கம் குடிமகன்:
சட்டம் சார், 31 கடை எத்தனை மணி வரை? பத்து மணிக்கே ஷட்டரை இறக்குவார்களா?

சட்டப்புள்ளி:
அந்தப் பிரிவு என்னிடம் இல்லை.

டாப்கியர் தினா:
பதிவைத் திருத்தச் சொல்லி எனக்குத் தனிச் செய்தி வேறு அனுப்பியிருக்கிறார் அண்ணாச்சி. திருத்த மாட்டேன். இரண்டு பீர், இரண்டு மணி நேரம், மோர். வேண்டுமானால் "சின்ன பாட்டில்" என்று சேர்க்கிறேன், அதுவும் மீனா மேடத்துக்காக.

மேடவாக்கம் மீனா:
என் பெயரை இதில் இழுக்காதீர்கள். நான் டாக்சி புக் செய்துவிட்டேன், காலைக்கும் சேர்த்து.

லேப் அண்ணாச்சி:
"சின்ன பாட்டில்" சேர்த்தால் "5 சதவீதம், 70 கிலோ" என்பதையும் சேருங்கள். மோரை எடுங்கள். அதுவரைக்கும் தினமும் இந்த இழையை மேலே தூக்கிக்கொண்டுதான் இருப்பேன்.

டாப்கியர் தினா:
தூக்குங்கள். என் பதிவுக்கும் சேர்த்து விளம்பரம். மோர் இருக்கும்.