‘லக்ஷ்மி’க்கு எத்தனை எழுத்து?

பழைய கிராணி:
செயலித் தம்பி நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மாஸ்டடான், புளூஸ்கை மாதிரி திறந்த சமூக ஊடகத் தளங்களுக்குச் செயலி எழுதப் போனதும் பழைய சந்தோஷம் திரும்பிவிட்டதாம். நல்லது, சந்தோஷப்படட்டும். ஆனால் கடைசி வரி: “அங்கேதான் தமிழ் எழுத்தைத் தமிழன் எண்ணுகிற மாதிரியே எண்ணுகிறார்கள்.” அவர் செயலியிலேயே என் அம்மா பெயரைத் தட்டினேன். லக்ஷ்மி. நான்கு என்று காட்டுகிறது. ல, க்ஷ், மி. நான் படித்த மலேசியத் தோட்டத்துப் பள்ளியில் இது மூன்று.

செயலித் தம்பி:
ஐயா, ‘எஸ்டேட்’ என்று தட்டிப் பாருங்கள். எக்ஸில், அதாவது பழைய ட்விட்டரில், அது ஏழு. எ ஒன்று, மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு. கொம்பும் புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் அதற்கும் இடம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பதிவுக்கு 280தான் வரம்பு; நாம் வாயைத் திறப்பதற்குள் இடம் முடிந்துவிடும். மாஸ்டடானில் 500, புளூஸ்கையில் 300, இரண்டிலும் ‘டே’ ஒன்றுதான்.

2023 ஜனவரியில் ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் மாதிரி வெளியார் எழுதிய செயலிகளை ட்விட்டர் முன்னறிவிப்பே இல்லாமல் அறுத்துவிட்டதைப் பார்த்து, இனி அடுத்தவன் நிலத்தில் எதற்கு நட வேண்டும் என்று கணினியை மூடியவன் நான். மாஸ்டடான் சர்வர்கள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018லேயே அறிவித்த பொதுத் தரம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு என் செயலியில் முதல் பதிவு வந்து விழுந்தபோது மைலோவைக் கீழே கொட்டிவிட்டேன். அதைத்தான் எழுதினேன்.

பழைய கிராணி:
மைலோ கிடக்கட்டும். லக்ஷ்மி மூன்றா, நான்கா?

லயத்து மகள்:
அங்கிள், அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. குடியிருக்கும் லயத்து வீடு நமக்கு, நிலம் தோட்டத்துத் துரைக்கு. தோட்டம் கை மாறினால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கத்தானே நம்ம சுங்கை சிப்புட் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்? இதுவும் அந்த மாதிரிதான்.

பழைய கிராணி:
துன் பெயரை இதில் இழுக்காதே அம்மா. என் அப்பா ரப்பர் பால் மரம் வெட்டிய காசில் அந்தச் சங்கத்தில் பங்கு எடுத்தவர். கையில் பத்திரம் இருந்தது. மாஸ்டடானில் உன்னிடம் என்ன பத்திரம் இருக்கிறது? எவனோ ஒருவன் சர்வர் ஓட்டுகிறான். அவன் பில் கட்டாவிட்டால் லயமும் இல்லை, நிலமும் இல்லை.

செயலித் தம்பி:
வேறு சர்வருக்குக் குடிபோகலாம் ஐயா. பின்தொடர்கிறவர்களும் கூடவே வருவார்கள்.

பழைய கிராணி:
பழைய பதிவுகள் வருமா? வராது. நானும் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். 1985இல் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்தது இந்த நாட்டில். தமிழ் எழுத்தை எண்ண மாஸ்டடான் பிறந்த ஜெர்மனியிலிருந்து ஆள் வர வேண்டாம். க்ஷ் ஒன்று.

தனித்தமிழ்த் தும்பி:
கிரந்தத்தை விட்டுத் தொலையுங்கள். ‘இலக்குமி’ என்று எழுதினால் ஐந்து. எந்திரமும் ஐந்து என்றுதான் சொல்லும். சண்டை முடிந்தது.

பழைய கிராணி:
எங்கள் அம்மாவுக்குப் பெயர் வைக்க உங்களை யாரும் கூப்பிடவில்லை. ஐசியில், அடையாள அட்டையில், ரோமன் எழுத்தில் இருக்கிறது, அதையும் போய் மாற்றுங்களேன்.

தனித்தமிழ்த் தும்பி:
‘கிராணி’ மட்டும் தமிழா?

பழைய கிராணி:
தோட்டத்து எழுத்தனாக முப்பத்தொரு வருஷம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவன் ஐயா நான். ஒரு பெயரைக் கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை.

செயலித் தம்பி:
சரி, சொல்கிறேன். க்ஷ என்பது உள்ளே க, புள்ளி, ஷ என மூன்று குறியீடு. யூனிகோட் என்ற உலக எழுத்துத் தரத்தின் பிரிப்பு விதி புள்ளியோடு வெட்டிவிடும்; க் ஒன்று, ஷ ஒன்று. நான் வெட்டவில்லை.

பழைய கிராணி:
அப்போது “தமிழன் எண்ணுகிற மாதிரி” என்று எழுதியது யார், யூனிகோடா? இவர் வாக்கு எப்போதும் இப்படித்தான். தைப்பூசத்துக்கு அன்னதானப் பட்டியல் செயலி முடித்துத் தருகிறேன் என்றார். எத்தனை தைப்பூசம் போயிற்று!

செயலித் தம்பி:
அதைப் பேச வேண்டுமா? காசு இல்லாமல் செய்தேன். கோயில் கமிட்டி பதினொரு தடவை நிறம் மாற்றச் சொன்னது. செயலாளர் யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

லயத்து மகள்:
அந்த மஞ்சள் நன்றாகத்தான் இருந்தது.

பழைய கிராணி:
அது மஞ்சள் இல்லை, பழுத்த வாழை இலை. பேச்சை மாற்றாதீர்கள். லக்ஷ்மி மூன்று.

செயலித் தம்பி:
அடுத்த பதிப்பில் எண்ணிக்கைப் பெட்டியை மறைக்க ஒரு பொத்தான் வைக்கிறேன். உங்களுக்காகவே.

பழைய கிராணி:
மறைத்தால் மூன்றாகிவிடுமா? இப்போதுதான் ‘பக்ஷணம்’ தட்டிப் பார்த்தேன். ஐந்து காட்டுகிறது.